தங்கத்தை அண்ணனாக்கிய ஊர்

எங்கள் ஊசிப்பாளையத்தில் மேசை நாற்காலிகள் பெண்களாகவும் சுவர்க்கடிகாரங்கள் ஆண்களாகவும் ஆனது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். பனியன் உற்பத்தியாளர் சங்கக் கூடத்தில் கித்தேரி டீச்சர் ஸ்பானிஷ் வகுப்பின் இரண்டாவது பாடத்தை முடித்து, கரும்பலகையைத் துடைத்து, கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்ட அந்த நிமிடத்தில்தான் அது நடந்தது என்பதில் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதனால் ஆர்டர் கூடுமா குறையுமா என்பதில்தான் இன்றுவரை சண்டை.

வகுப்பு வந்ததே ஆர்டருக்காகத்தான். ஸ்பெயின் நாட்டுக் கம்பெனிகள் பனியனுக்கு வேறு நாடு தேடிப் போய்க்கொண்டிருந்தன, சங்கத் தலைவர் ராக்கியண்ணன் ஒரு வாரம் யோசித்து, நாம் அவர்கள் பாஷையில் பேசாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். விலையையோ சாயம் போவதையோ அவர் யோசிக்கவில்லை. டீச்சருக்கு விளம்பரம் கொடுத்ததில் தூத்துக்குடியிலிருந்து கித்தேரி ரொட்ரிகோ விண்ணப்பித்தார், "பேரே ஸ்பெயின்காரங்க பேரு மாதிரித்தானுங்க இருக்குது, இதுக்கு மேல என்ன பரீட்சை வெக்கறது?" என்று ராக்கியண்ணன் அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார். டீச்சர் மலாகா என்ற ஊரில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்து அந்தப் பாஷையை உண்மையிலேயே கரைத்துக் குடித்தவர் என்பது எங்கள் அதிர்ஷ்டம், சங்கத்தின் சாமர்த்தியம் அல்ல.

முதல் பாடத்தில் நான், நீ, நீங்கள் வந்தன. இரண்டாவது பாடத்தில் டீச்சர், அந்த நாட்டில் உயிரில்லாத சாமானுக்கும் ஆண் பெண் உண்டு, ஆணுக்கு முன்னால் 'எல்' போடு, பெண்ணுக்கு முன்னால் 'லா' போடு என்றார். லா மேஸா, மேசை. லா ஸில்யா, நாற்காலி. எல் ரெலோஹ், கடிகாரம். முதலாளிகளும் மேனேஜர்களும் மெர்ச்சண்டைசர் பிள்ளைகளும் கோரஸாகச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் நாற்காலிகள் எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களைப் பக்குவமாக இறக்கிவிட்டு, கூடத்தின் இடதுபக்கம் போய் ஒன்றோடொன்று ஒட்டி நின்றுகொண்டன. மேசை தன் மேல்விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டது. கடிகாரம் நெஞ்சை நிமிர்த்தி ஐந்து நிமிடம் முன்னால் ஓடத் தொடங்கியது. டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வாறேன், வீட்டுப்பாடம் எழுதிட்டு வாங்க மக்கா" என்று கிளம்பினார், எல்லோரும் நின்றபடியே வணக்கம் சொன்னார்கள்.

மறுநாளுக்குள் ஊர் முழுக்க அப்படியே. ஏன் ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் சாயத் தண்ணீர் கலந்து ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடியிருக்கிறது, அதற்கே யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் கேட்டார்கள். சங்கம் கூடியது. ஊசி பெண், நூல் ஆண். துணி பெண், பட்டன் ஆண். சட்டை பெண், பேன்ட் ஆண். இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்து மாதக்கணக்கில் கப்பலில் அனுப்புவது முறையா என்று ஒரு முதலாளி கண்கலங்கக் கேட்டார், அன்றிலிருந்து பேக்கிங் பிரிவு இரண்டானது. டவுன் பஸ்ஸில் பெண்கள் பக்க சீட்டுக்குக் கீழே குடம், வாளி, அரிவாள்மணை எல்லாம் போயின, ஆண்கள் பக்கம் குடையும் செருப்பும் செய்தித்தாளும் காலை நீட்டிக்கொண்டு வந்தன. தண்ணீர் எந்தப் பக்கம் என்று கண்டக்டர் வகுப்புக்கே வந்து கேட்டார். "தண்ணி பொம்பளதான், ஆனா வெளிய போறப்ப மட்டும் 'எல்'ங்கிற ஆம்பளச் சட்டையப் போட்டுக்கிடும்" என்றார் டீச்சர். சேலைக்கு மேலே புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனி வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்த ஒரு விதி மட்டும் விளக்கமே இல்லாமல் புரிந்தது.

தையல் பிரிவுப் பெண்கள் டீ இடைவேளையில் உட்கார்ந்து தரம் பிரித்துப் பார்த்தார்கள். மெஷின், கத்தரிக்கோல், துடைப்பம், பானை, கரண்டி, வாஷிங் மெஷின், கதவு, படுக்கை எல்லாம் பெண். கடிகாரம், காலண்டர், கண்ணாடி, சட்டம் போட்ட படம், பணம், தங்கம் எல்லாம் ஆண். "வேலை செய்யறது பூராப் பொம்பளை, செவுத்துல தொங்கறதும் பொட்டியில தூங்கறதும் ஆம்பளை. இதைச் சொல்லிக் குடுக்கறதுக்கு ஸ்பெயின்ல இருந்தா வரோணும்?" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்துவிட்டு டீ டம்ளரைக் கழுவப் போனார்கள்.

இப்படி எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்து, மாப்பிள்ளை பார்க்கும்போது பீரோவின் குணத்தையும் விசாரிக்கிற அளவுக்கு ஊர் பழகிவிட்ட நேரத்தில்தான் கோகிலவாணியின் கல்யாணம் வந்தது. கோகிலவாணி வகுப்பில் முதல் மாணவி, ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்; வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற நிறம், அளவு, தேதி எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற வேலை அது. அவளுடைய அப்பா செம்மலையப்பனுக்கு அவள் ஒரே பெண், தாயில்லாத பெண். ஆண்பிள்ளை இல்லையா என்று ஊர் கேட்கும்போதெல்லாம் அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வேறு பேச்சுப் பேசுவார். பெண்ணுக்காக விதைக்கிற காட்டை விற்று நகை எடுத்திருந்தார். அதில் ஆரம், நெக்லஸ், வளையல், ஒட்டியாணம் எல்லாம் இருந்தன. மாப்பிள்ளை கிருபாகரன் ஆள் மோசமில்லை, ஆனால் வாயைத் திறக்குமுன் அம்மா முகத்தைப் பார்க்கிற ஆள். அந்த அம்மா பாவாயம்மாள் சீரைப் பார்க்க வந்தார். கட்டில், மேசை, நாற்காலி, பாத்திரம், வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், நகைப்பெட்டி திறந்ததும் ஓர் அடி பின்வாங்கினார்.

"ஏனுங் சம்பந்தி, இவிய ஆருங்க?"

"தங்கமுங்க. பொண்ணுக்குப் போட்டு அனுப்பறது."

"தங்கம் ஆம்பளையாமா. எங்கூட்டு மருமவ கழுத்துலயும் கையிலயும் இடுப்புலயும் ஒரு அயல் ஆம்பளை புடிச்சுத் தொங்கீட்டு வந்தா, நாலு சனம் என்னைய என்ன பேசும்?"

செம்மலையப்பன் பெட்டியை மூடினார். அப்படியானால் தங்கம் இல்லாமலே அனுப்பட்டுமா என்று கேட்டார். பாவாயம்மாள் அவரை அடிபட்ட பார்வை பார்த்தார். தங்கம் வேண்டாம் என்று அவர் எப்போது சொன்னார்? தங்கம் வேண்டும், அது ஆணாக வரக்கூடாது, அவ்வளவுதான். கட்டிலும் பானையும் பெண்கள்தானே, அவர்களுக்கு ஒரு கௌரவம் பார்க்க வேண்டாமா என்று கோகிலவாணி கேட்டதற்கு, "அதுக பாட்டுக்கு வந்து வேலை செய்யும் அம்மிணி, அதுல என்ன கெடக்குது" என்றார்.

ஊரே சேர்ந்து டீச்சர் வீட்டுக்குப் போனது. தங்கத்துக்கு முன்னால் 'எல்'லை எடுத்துவிட்டு 'லா' போட முடியுமா, சங்கம் வேண்டுமானால் தீர்மானம் போட்டுத் தருகிறது என்று ராக்கியண்ணன் கேட்டார். "நானா வச்சேன் அதை? அந்த ஊரு ராசாவே வந்தாலும் மாத்த முடியாதுல்லா" என்று டீச்சர் கையை விரித்தார். அப்போதுதான் ராக்கியண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம், ஊசிப்பாளையத்தில் சங்கத் தலைவரும் அவர்தான், அருமைக்காரரும் அவர்தான். ஓர் ஆண் ஒரு பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் பழியில்லாமல் போக ஒரே வழி அவன் உடன்பிறந்தவனாக இருப்பது. தங்கத்தைச் செம்மலையப்பனுக்கு மகனாக ஸ்வீகாரம் செய்துவிட்டால் அது கோகிலவாணிக்கு அண்ணன், அண்ணன் தங்கச்சி கழுத்தைக் கட்டிக்கொண்டு போவதை எவன் கேட்பான்?

ஊர் அந்த அறிவை நினைத்து நினைத்துப் பூரித்தது. நல்ல நாள் பார்த்துத் தங்கத்தை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, தங்கராசு என்று பேர் வைத்து, செம்மலையப்பன் மடியில் வைத்துக் காது குத்தி, வந்தவர்களுக்கெல்லாம் ஒப்பிட்டு என்கிற போளியும் பால் பாயசமும் போட்டார்கள். காது குத்தத் தனியாகத் தங்கம் தேவைப்பட்டபோது அது யாருடைய மகன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தாலியிலிருந்த தங்கத்தை மாப்பிள்ளை வகையறா என்று ஒதுக்கிவிட்டார்கள். மடியில் கிடந்து மின்னிய மகனைப் பார்த்துச் செம்மலையப்பன் அழுதேவிட்டார். அது நடிப்பில்லை, அந்த மனுஷன் எத்தனை வருஷ ஏக்கத்தை அழுது தீர்த்தார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கோகிலவாணி ஓரமாக நின்று கைதட்டினாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அண்ணன் தங்கராசு தங்கச்சியின் கழுத்திலும் கையிலும் இடுப்பிலும் ஒட்டிக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போய், விருந்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, வெற்றிலை பாக்கு மாற்றி, மாப்பிள்ளையிடம் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுகிற மாதிரி ஒரு முறை பளிச்சிட்டு, மறுநாள் மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் அவள் உடம்பைவிட்டு இறங்கித் தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. வளையல்கள் உருண்டு முன்னால் போக, ஆரமும் நெக்லஸும் பின்னால் ஊர்ந்து போக, ஒட்டியாணம் கடைசியில் நிதானமாக வந்தது. கடைவீதியே ஸ்கூட்டரை ஒதுக்கி வழிவிட்டது. "வாங்க தம்பி, விருந்தெல்லாம் பலமுங்களா?" என்று கேட்டார்களே தவிர ஒருவன் கை நீட்டவில்லை. நல்ல குடும்பத்துப் பையன் மேல் யார் கை வைப்பார்கள்?

தங்கச்சியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு விருந்து சாப்பிட்டுத் திரும்புவதுதானே அண்ணனுக்கு அழகு, புகுந்த வீட்டிலேயே தங்கிவிட்டால் ஊர் சிரிக்காதா? இதை ராக்கியண்ணன் உட்பட ஒருவரும் யோசிக்கவில்லை. பாவாயம்மாள் வெறும் நகைப்பெட்டியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார், ஆனால் வெளியே வாயைத் திறக்க முடியவில்லை. மச்சான் ஏன் தன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று எந்தப் பஞ்சாயத்தில் கேட்பது? கூப்பிட்டு அனுப்பினார்கள். தங்கம் மரியாதையாக வந்தது, ஒரு வேளை இருந்தது, போய்விட்டது. பேங்க் லாக்கரில் வைத்துப் பூட்டினார்கள். சம்பந்தி வீட்டுப் பையனைச் சிறை வைப்பதா என்று லாக்கரின் கதவே, அவளும் பெண்தானே, வெட்கப்பட்டுத் திறந்துகொண்டாள். ஆடிக்குத் தங்கச்சியை அழைத்துப்போக வந்தது, தீபாவளிக்குப் பட்டாசோடு வந்தது, பொங்கலுக்குக் கரும்போடு வந்தது. இப்படி ஓர் அண்ணன் எவளுக்கு வாய்ப்பான் என்று ஊர்ப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

கடைசியில் பாவாயம்மாள் மருமகளைக் கூப்பிட்டார். "போயி உன்ற அண்ணனைக் கூட்டியா. அவரு வந்து இங்கயே இருந்தாத்தான் நீயும் இங்க இருக்கலாம்." கிருபாகரன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, கோகிலவாணியின் பையைத் தூக்கி வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தான். அது அவன் மனசிலிருந்து செய்த உதவிதான்.

அப்பா வீட்டில் அவளுடைய அறையில் தங்கராசு இருந்தது. செம்மலையப்பன் சோபாவில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தார், வெளியே போகும்போது மகன் வீட்டில் இருக்கிறான் என்று கதவைப் பூட்டாமல் போனார், அவர் நடையே மாறியிருந்தது. மகளைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். எத்தனை நாள் இருப்பாய் என்று சிரித்தபடி கேட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணனை அங்கயே இருக்கச் சொன்னா எப்படிக் கண்ணு? அவன் இந்த ஊட்டு வாரிசில்லையா?"

"அப்பா, அது நீங்க எனக்குன்னு வாங்குனது."

"அதுன்னு சொல்லாத. அவன்னு சொல்லு."

கோகிலவாணி பையைக் கீழே வைத்தாள். இந்த வீட்டில் நான் இருந்துகொள்ளட்டுமா அப்பா என்று கேட்டாள். நாலு நாள் இரு, ராணி மாதிரி இரு, அப்புறம் உன் வீட்டுக்குப் போ என்றார். அவர் அவளை வெறுக்கவில்லை. தீபாவளிக்கு அவளுக்குப் புடவை எடுக்க அவர் மறந்ததே இல்லை. ஆனால் பெண்ணுக்கு வீடு என்றால் அது வேறு எங்கோ இருப்பது என்று அவர் மனசில் இருந்தது, அதை அவரே கூட எடுத்திருக்க முடியாது. அன்று மாலை வகுப்பில் 'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு சொல் உண்டு என்ற பாடம். மாறாததற்கு ஒன்று, மாறுவதற்கு ஒன்று. "நான் வீட்ல இருக்கேன்னு சொல்ல எதைப் போடணும் டீச்சர்?" என்று கேட்டாள். "இடத்துக்கு எப்பவும் மாறுறதுதான் மக்கா. பொறந்ததுலேர்ந்து அங்கேயே கெடந்தாலும் அதுதான்" என்றார் டீச்சர். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்த கையோடு அதே கூடத்தில் பஞ்சாயத்து. ராக்கியண்ணன் நடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலையும் ஆட்டிக்கொண்டு, தீர்ப்பை இழுத்து இழுத்துச் சொன்னார்: பெண்ணுக்குப் புகுந்த வீடு, பையனுக்குப் பிறந்த வீடு, இது யாரும் மாற்ற முடியாதது, அதனால் பெண்தான் அனுசரித்துப் போக வேண்டும். கோகிலவாணி எழுந்து, அப்பாவின் பக்கத்தில் பட்டுத் துணியில் உட்கார்ந்திருந்த தங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க என்ற அண்ணன்னு ஊரே சேர்ந்து காது குத்துச்சு. நான் வேற எதையும் கேக்கலீங்க. எனக்கு இருக்க ஒரு எடம் வேணும். ஒரு வார்த்தை சொல்லுங்க."

தங்கம் எங்கள் ஊர் அண்ணன்மார் எல்லோரும் செய்வதையே செய்தது: தரையைப் பார்த்தது, கொஞ்சம் மங்கியது, அப்புறம் அப்பா பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. குறை சொல்லக் கூடாது, அதற்கு நாங்கள் கொடுத்த வளர்ப்பு அது.

அவள் வெளியே வந்தாள். சாலையோரம் கம்பெனி ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று காலியாக இருந்தது. தனியாக இருக்கிற பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்று வீட்டுக்காரர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பூட்டிலிருந்த சாவி தானாகத் திரும்பியது, கதவு திறந்தது, வீடு, அவளும் பெண்தானே, சற்று விலகி வழிவிட்டாள். கோகிலவாணி உள்ளே போய் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பாவாயம்மாள் வீட்டிலிருந்து கட்டில் வந்தது. கட்டிலுக்குப் பின்னால் மேசை, மேசை மேல் பானைகள், வாஷிங் மெஷின் தன் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஓர் ஆளைத் தெரிந்துகொண்டு அவளோடு அந்த வீட்டுக்குப் போனவர்கள், அவள் இல்லாத வீட்டில் என்ன வேலை என்று வந்துவிட்டார்கள்.

இதை அடுத்த வீட்டு நாற்காலி பார்த்தாள், அதற்கடுத்த வீட்டுத் துடைப்பமும் பார்த்தாள், அவர்களும் கிளம்பினார்கள். மறுநாள் விடியும்போது ஊசிப்பாளையத்தில் எந்த வீட்டிலும் ஒரு பெண் சாமான் இல்லை. அரிசி இருந்தது, தட்டு இருந்தது, இருவரும் ஆண்கள். பானையும் அடுப்பும் இல்லை. கார் இருந்தது, சாவியும் சக்கரமும் இல்லை. கம்பெனிகளில் நூல்கண்டும் பட்டனும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தன. பணம் எல்லா வீட்டிலும் பத்திரமாக இருந்தது, கண்ணாடி இருந்தது, அதில் முகம் பார்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. லைன் வீட்டுச் சந்தில் கால் வைக்க இடமில்லாமல் மெஷின்களும் ஜன்னல்களும் நின்றன. பானை போன பக்கம் ஊர்ப் பெண்களும் போனார்கள், சமைக்க அல்ல, சும்மா உட்கார்ந்து பேச.

மத்தியானம் பசியோடு பாவாயம்மாள் மகனை அனுப்பினார்: அண்ணன் வரவேண்டியதில்லை, நீ வந்தால் போதும், கட்டிலோடு வா. கிருபாகரன் அதைச் சொல்லிவிட்டு முதல் முறையாக யார் முகத்தையும் பார்க்காமல், "நீ வராட்டியும் சரிதான் வாணி" என்று தானாக ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னான். செம்மலையப்பன் தங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கண்ணு, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றார். அவள் அவருக்குச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டுவிட்டு, நம் வீட்டுக்கு வந்துவிடு என்றார், அந்த 'நம்' என்ற சொல்லில் அவர் குரல் உடைந்தது. "வகுப்புக்கு வாங்கப்பா, அங்க பேசிக்கலாம்" என்றாள்.

சாயங்காலம் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் சங்கக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கூடத்தில் ஒரு நாற்காலிதான் இருந்தது, அது கோகிலவாணியோடு நடந்து வந்திருந்தது. ராக்கியண்ணன் வெறும் சுவரோரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, தொண்டையைச் செருமி, ஒரு பெண் தனக்கு இஷ்டப்பட்ட வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் ஊரில் நின்றுகொண்டு சொல்லப்பட்ட முதல் தீர்ப்பு அது, அதனால் சீக்கிரம் முடிந்தது. பிறகு அவர் மெதுவாக, சாமான்களைத் திரும்பி வரச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"நான் கூப்பிடலீங்க, அதனால போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லீங்க. அவங்கவங்க ஊட்டுச் சாமானை அவங்கவங்களே வந்து கேட்டுப் பாருங்க. மரியாதையாக் கேளுங்க."

எப்படிக் கேட்பது என்று முதலாளிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கித்தேரி டீச்சர் கரும்பலகையில் அன்றைய பாடத்தை, 'தயவுசெய்து வீட்டுக்கு வாருங்கள்' என்பதை, ஸ்பானிஷில் எழுதினார், ஊர் ஆண்கள் கைகட்டி நின்று, பசி வயிற்றோடு, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்கள். கோகிலவாணி உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.